செர்கியோ லொபேரா பணிநீக்கம் (2020)

செர்கியோ லொபேரா பணிநீக்கம் என்பது, இந்தியன் சூப்பர் லீக் காற்பந்துத் தொடரின் 2019-20 பருவத்தில் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த எஃப்சி கோவா கழகம், தன் தலைமைப் பயிற்றுநரான ஸ்பெயின் நாட்டவர் செர்கியோ லொபேராவை 2020 ஜனவரி 31 அன்று பதவியிலிருந்து நீக்கிய நிகழ்வைக் குறிக்கும். அப்போது லீக் சுற்றில் அக்கழகத்துக்கு மூன்று போட்டிகளே எஞ்சியிருந்தன. இடைக்காலப் பொறுப்பை ஏற்ற கோவாவின் முன்னாள் ஆட்டக்காரர் கிளிஃபோர்டு மிராண்டாவின் கீழ் அணி அம்மூன்றிலும் வென்று லீக் சுற்றின் கேடயத்தைக் கைப்பற்றியது. ஆசிய சாம்பியன்சு லீக் குழுநிலைச் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெருமையையும் அடைந்தது. ஆயினும் அடுத்து நடந்த அரையிறுதியில் சென்னையின் எஃப்சியிடம் தோற்று வெளியேறியது.

தோல்விகளைத் தொடர்ந்து பயிற்றுநர் நீக்கப்படுவது காற்பந்தில் அன்றாடச் செய்தி. வெற்றி பெற்றுக்கொண்டிருக்கும் பயிற்றுநர் பருவத்தின் முடிவில் நீக்கப்படுவது மிக அரிது. இந்திய உயர்நிலைக் காற்பந்தில் பயிற்றுநர் மாற்றங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்நிகழ்வு எடுத்துக்காட்டப்படுவதற்கு இதுவே காரணம்.

மேலாளர், தலைமைப் பயிற்றுநர்

இங்கிலாந்தின் மரபில் அணியின் தலைவரை மேலாளர் என்பர். ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது, பயிற்சியளிப்பது, களமிறங்கும் பதினொருவரைத் தேர்வது ஆகிய அனைத்தும் ஒருகாலத்தில் அவர் கையிலேயே இருந்தன. ஐரோப்பாவின் பிற நாடுகளில் இப்பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. களத்துக்குரியவற்றைத் தலைமைப் பயிற்றுநரும், ஆட்டக்காரர் சேர்ப்பு போன்ற நெடுங்கால வேலைகளை விளையாட்டு இயக்குநர் அல்லது தொழினுட்ப இயக்குநரும் கவனிப்பர். இந்தியன் சூப்பர் லீக் கழகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் முறையையே பின்பற்றுகின்றன. தமிழ் நாளிதழ்கள் இரண்டு பதவிகளையும் 'பயிற்சியாளர்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் இவ்வேறுபாடு வாசகர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

பொறுப்புகள் பிரிந்திருக்கும் கழகத்தில் பயிற்றுநரை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. அவர் சென்றாலும் ஒப்பந்தங்களும், இளையோர் அணியும், ஆட்டக்காரர் தேர்வுக் கொள்கையும் கழகத்திடமே எஞ்சும் என்பது எதிர்பார்ப்பு. கோவாவின் நிகழ்வில் இவ்வெதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை.

பின்னணி

கோவா 1961 வரை போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியின் தெருப் பெயர்களிலும் சட்டத்திலும் தடம் பதித்ததைப் போல, போர்த்துக்கேயத் தொடர்பின் தடத்தை அங்கே காற்பந்திலும் காணலாம். டெம்போ, சால்கோகர், சர்ச்சில் பிரதர்சு ஆகிய கோவாக் கழகங்கள் தேசிய அளவில் பட்டங்கள் வென்றவை. இவற்றுள் டெம்போ மட்டும் தேசியக் காற்பந்து லீக், அதன் வழிவந்த ஐ-லீக் இரண்டிலுமாக ஐந்து முறை வாகை சூடியது. அவ்வெற்றிகளின் காலத்தில் அதன் நடுக்களத்தில் ஆடியவர் கிளிஃபோர்டு மிராண்டா.

எஃப்சி கோவா 2014ஆம் ஆண்டு, இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது நிறுவப்பட்டது. முதல் மூன்று பருவங்களில் பிரேசிலின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சீக்கோ அதன் பயிற்றுநராக இருந்தார். 2015இல் இறுதிப்போட்டி வரை சென்ற அணி, 2016இல் கடைசி இடத்தைப் பிடித்தது. அதன் பின்னர், 2017இல் லொபேரா நியமிக்கப்பட்டார்.

1977இல் சரகோசாவில் பிறந்த லொபேரா, பார்சிலோனா கழகத்தின் இளையோர் அணிகளில் பயிற்றுநராகத் தொடங்கியவர். லாசு பால்மாசு கழகத்திலும், மொரோக்கோவின் மொக்ரப் தெத்துவான் கழகத்திலும் பணியாற்றிய பிறகு இந்தியா வந்தார். வாயிற்காவலரிடமிருந்தே சிறு பந்தளிப்புகளால் ஆட்டத்தைக் கட்டியெழுப்புவதும், பந்தை இழந்த கணத்திலேயே அதை மீட்க முயல்வதும் அவர் அணியின் அடையாளம். நீண்ட உதைகளையும் எதிர்த்தாக்குதலையும் பெரிதும் நம்பியிருந்த இத்தொடரில் இது புதுமையாக இருந்தது. 2017-18 லீக் சுற்றின் 18 போட்டிகளில் கோவா 42 கோல்களை அடித்தது. தாக்குதல் ஆட்டக்காரர் ஃபெர்ரான் கொரோமினாஸ் அப்பருவத்தில் 18 கோல்களும் அடுத்த பருவத்தில் 16 கோல்களும் அடித்து, இரு முறையும் தொடரின் அதிக கோல் அடித்தவருக்கான பரிசைப் பெற்றார்.

அழகான ஆட்டம் இருந்தது, முதன்மைக் கோப்பை வரவில்லை. 2018 அரையிறுதியில் சென்னையினிடம் மொத்தக் கணக்கில் 1-4 எனத் தோல்வி. 2019 மார்ச் 17 அன்று மும்பையில் நடந்த இறுதிப்போட்டியில், கூடுதல் நேரத்தின் 117ஆம் நிமிடத்தில் ராகுல் பேக்கே தலையால் அடித்த கோலினால் பெங்களூருவிடம் தோல்வி. அடுத்த மாதம் புவனேசுவரத்தில் சென்னையினை 2-1 என வென்று சூப்பர் கோப்பையைக் கைப்பற்றியதே எஃப்சி கோவாவின் முதல் பெரிய பட்டமாக அமைந்தது.

2019-20 பருவமும் புதிய கேடயமும்

அப்பருவத்தில் பத்துக் கழகங்கள் பங்கேற்றன. ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதுடனும் இருமுறை மோதும். ஆக 18 போட்டிகள். முதல் நான்கு இடங்களைப் பெறுபவை அரையிறுதிக்குச் செல்லும். அதுவரை தொடரின் முழு மதிப்பும் இறுதிப்போட்டியில் வெல்லும் கோப்பைக்கே இருந்தது. ஐந்து மாதங்கள் முதலிடத்தில் இருந்த அணி ஒரு மாலைப் பொழுதில் தோற்றால், கையில் எதுவும் இராது.

2019-20இல் இது மாறியது. லீக் சுற்றில் முதலிடம் பெறும் கழகத்துக்குத் தனிக் கேடயம் வழங்கப்படும் என்றும், அக்கழகமே ஆசிய சாம்பியன்சு லீக் குழுநிலைக்கு அனுப்பப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆசியக் கூட்டமைப்பு 2021 முதல் அப்போட்டியின் குழுநிலையை 32 கழகங்களிலிருந்து 40 ஆக விரிவாக்கியதால் இந்தியாவுக்கு நேரடி இடம் கிடைத்திருந்தது. அதற்கு முன் எந்த இந்தியக் கழகமும் இப்போட்டியின் குழுநிலையை எட்டியதில்லை. எனவே கோவாவுக்கு எஞ்சியிருந்த மூன்று போட்டிகள் வெறும் தரவரிசைப் போட்டிகள் அல்ல. கொல்கத்தாவின் ஏடிகே கழகம் மிக நெருக்கத்தில் பின்தொடர்ந்து வந்தது.

பணிநீக்கம்

ஜனவரி மாதம் முடிந்தபோது கோவா 15 போட்டிகளில் 9 வெற்றி, 3 சமநிலை, 3 தோல்வியுடன் 30 புள்ளிகள் பெற்று முதலிடத்தில் இருந்தது. 32 கோல்கள் அடித்திருந்தது. கேரளா பிளாஸ்டர்சுக்கும் ஒடிசாவுக்கும் எதிரான கடைசி இரு போட்டிகளிலும் வென்றிருந்தது. இந்நிலையில்தான் ஜனவரி 31 அன்று லொபேராவின் நீக்கம் அறிவிக்கப்பட்டது. பயிற்றுநருக்கும் கழக நிர்வாகத்துக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் முற்றியிருந்ததாக அந்நாளைய செய்திகள் கூறின. களத்தின் முடிவுகள் காரணமல்ல என்பது புள்ளிப் பட்டியலைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருந்தது.

அதே ஜனவரி மாதத்தில், பட்டியலின் அடியில் கிடந்த ஐதராபாத் கழகமும் தன் ஆங்கிலேயப் பயிற்றுநர் பில் பிரவுனை நீக்கியிருந்தது. அது எவரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை. ஒரே மாதத்தில் முதலிடத்து அணியும் கடைசி இடத்து அணியும் பயிற்றுநரை இழந்த விந்தை அப்பருவத்துக்கே உரியது. கோவா புதிய பொறுப்பாளருடன் ஆடிய முதல் போட்டியும் அந்த ஐதராபாத்துக்கு எதிராகவே அமைந்தது.

மிராண்டாவின் மூன்று போட்டிகள்

அப்பருவத்தைப் பத்துக் கழகங்களும் வெளிநாட்டுப் பயிற்றுநர்களுடனேயே தொடங்கியிருந்தன. இந்தியர்கள் துணைப் பயிற்றுநர்களாக இருப்பர். தலைமைப் பொறுப்பு எட்டாது என்பதே எழுதப்படாத வழக்கம். 1982இல் பிறந்த மிராண்டாவிடம் பொறுப்பு வந்தது, முதலிடத்து அணியை மூன்று வாரங்களுக்கு நடத்திச் செல்லும் வேலையாக. கழகத்தின் தொழினுட்ப இயக்குநரும் மூத்த பயிற்றுநருமான டெரிக் பெரேரா அவருக்குத் துணை நின்றார்.

மிராண்டா அணியின் அமைப்பைத் தலைகீழாக மாற்றவில்லை. லொபேரா பயிற்றுவித்த அதே ஆட்டக்காரர்கள், அதே பந்தளிப்பு ஆட்டத்தை ஆடினர். பிப்ரவரி 5 அன்று ஐதராபாத்தை 4-1 எனவும், 12ஆம் நாள் மும்பை சிட்டியை 5-2 எனவும் கோவா வென்றது. இதற்கிடையே எதிர்பாராத உதவி ஒன்று சென்னையிலிருந்து வந்தது. பிப்ரவரி 16 அன்று சென்னையின் அணி கொல்கத்தாவிலேயே ஏடிகேயை 3-1 எனத் தோற்கடித்தது. இதனால் கடைசிப் போட்டிக்கு முன் கோவா 36 புள்ளிகளுடனும் ஏடிகே 33 புள்ளிகளுடனும் நின்றன. 19ஆம் நாள் ஜாம்ஷெட்பூரில் கோவா 5-0 என வென்று 39 புள்ளிகளுடன் முதல் கேடயத்தைத் தனதாக்கியது. லீக் சுற்றில் அது அடித்த மொத்தக் கோல்கள் 46. பிரான்சில் பிறந்த நடுக்கள ஆட்டக்காரர் ஹியூகோ பூமோஸ் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார்.

சென்னையினுடன் அரையிறுதி

சென்னையின் எஃப்சியும் அப்பருவத்தில் பயிற்றுநரை மாற்றிய கழகமே என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. 2017-18 கோப்பையை வென்று தந்த ஜான் கிரகோரி, அடுத்த பருவத்தில் அணி 9 புள்ளிகளுடன் கடைசி இடத்துக்குச் சரிந்தபோதும் பதவியில் நீடித்தார். 2019-20இல் முதல் ஆறு போட்டிகளில் 5 புள்ளிகளே கிடைத்த நிலையில், நவம்பர் இறுதியில் அவர் விலகினார். டிசம்பரில் வந்த இசுக்கொட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல் எஞ்சிய 12 போட்டிகளில் 24 புள்ளிகளை ஈட்டி, அணியை நான்காம் இடத்துக்கு உயர்த்தினார். இது வழக்கமான வகை மாற்றம்: சரிவு, விலகல், மீட்சி.

இவ்விரு கழகங்களுக்கும் இடையே பழைய கணக்குகள் பல உண்டு. 2015 இறுதிப்போட்டியில் கோவா தன் சொந்த அரங்கில் 2-1 என முன்னிலை பெற்றிருந்தபோது, கடைசி நிமிடங்களில் இரு கோல்கள் விழுந்து சென்னையின் 3-2 என வென்றது. 2018 அரையிறுதியையும் 2019 சூப்பர் கோப்பையையும் மேலே கண்டோம். புதுச்சேரிக்கு இத்தொடரில் தனிக் கழகம் இல்லை. இங்குள்ள இரசிகர்களுக்கு மிக அண்மையிலுள்ள அணி சென்னையின்தான் என்பதால், இப்போட்டி வரிசை இப்பகுதியில் நன்கு அறியப்பட்டது. (மடகாவிலும் சென்னையிலும் உள்ள அரங்குகள் இரண்டுக்கும் ஜவகர்லால் நேருவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. குழப்பம் தவிர்க்கக் கோவா அரங்கத்தை அது அமைந்துள்ள பகுதியின் பெயரால் பதோர்தா என்று குறிப்பது வழக்கம்.)

லீக் சுற்றில் கோவா சென்னையினை 3-0, 4-3 என இருமுறையும் வென்றிருந்தது. பிப்ரவரி 29 அன்று சென்னையில் நடந்த அரையிறுதியின் முதல் போட்டியில் நிலைமை தலைகீழானது. லூசியன் கோயன், அனிருத் தாப்பா, எலி சாபியா, லாலியன்சுவாலா சாங்தே ஆகியோர் இரண்டாம் பாதியில் அடுத்தடுத்து கோல் அடிக்க, சென்னையின் 4-1 என வென்றது. மார்ச் 7 அன்று பதோர்தாவில் முதல் 21 நிமிடங்களுக்குள் கோவா 2-0 என முன்னேறியது. இன்னும் ஒரு கோல் விழுந்தால் மொத்தக் கணக்கு சமனாகும் என்ற நிலை. ஆனால் இடைவேளைக்குப் பின் சாங்தேயும் நெரியஸ் வால்ஸ்கிசும் அடித்த கோல்கள் அந்த எழுச்சியைத் தடுத்தன. இறுதிப் பத்து நிமிடங்களில் கோவா மேலும் இரண்டு கோல்கள் அடித்து 4-2 என வென்றும், மொத்தத்தில் 5-6 எனத் தோற்றது. ஒரு வாரம் கழித்து, கொரோனா அச்சத்தால் பார்வையாளர் இன்றி அதே பதோர்தா அரங்கில் நடந்த இறுதிப்போட்டியில் ஏடிகே சென்னையினை 3-1 என வீழ்த்திக் கோப்பையை வென்றது.

எண்கள் கூறுவன

மிராண்டா மூன்றில் மூன்றும் வென்றதைக் கொண்டு நீக்கம் சரி என்றும், அரையிறுதித் தோல்வியைக் கொண்டு தவறு என்றும் வாதிடப்பட்டது. இரண்டு வாதங்களும் வலுவற்றவை.

லொபேராவின் கீழ் கோவா போட்டிக்குச் சராசரியாக 2 புள்ளிகளும் 2.1 கோல்களும் பெற்றது. மிராண்டாவின் கீழ் அது 3 புள்ளிகளாகவும் 4.7 கோல்களாகவும் உயர்ந்தது. பார்வைக்குப் பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த மூன்று எதிரணிகளில் எதுவும் முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. மும்பை ஐந்தாவது, ஜாம்ஷெட்பூர் எட்டாவது, ஐதராபாத் பத்தாவது. மேலும், 15 போட்டிகளில் 9ஐ வென்ற அணியின் வெற்றி வாய்ப்பை ஒவ்வொரு போட்டிக்கும் 0.6 என்று கொண்டால், அது தொடர்ந்து மூன்றை வெல்லும் நிகழ்தகவு 0.6 × 0.6 × 0.6, அதாவது ஏறத்தாழ 0.22. எவரையும் மாற்றாமல் இருந்தாலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நடக்கக்கூடிய ஒன்று; வலுக்குறைந்த எதிரணிகளுக்கு எதிராக என்றால் இன்னும் அதிகம். மூன்று போட்டிகள் என்பது எதையும் நிறுவப் போதாத மிகச்சிறிய மாதிரி.

அரையிறுதித் தோல்விக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். லொபேரா இருந்திருந்தால் சென்னையில் நான்கு கோல்கள் வாங்கியிருக்க மாட்டார்கள் என்போர், 2018 அரையிறுதியில் அதே அரங்கில் லொபேராவின் அணி 0-3 எனத் தோற்றதை மறந்துவிடுகின்றனர்.

பொதுவாகப் பயிற்றுநர் மாற்றத்தின் விளைவை அளப்பது கடினம். தேர்வில் வழக்கமாக 70 மதிப்பெண் எடுக்கும் மாணவர் ஒருமுறை 45 எடுக்கிறார் என்க. பெற்றோர் உடனே தனிவகுப்பு ஆசிரியரை மாற்றுகின்றனர். அடுத்த தேர்வில் 68 வருகிறது. புகழ் புதிய ஆசிரியருக்குப் போகும். ஆனால் பழைய ஆசிரியர் தொடர்ந்திருந்தாலும் மதிப்பெண் 70ஐ ஒட்டியே திரும்பியிருக்கக்கூடும். புள்ளியியலில் இது சராசரியை நோக்கிய பின்னடைவு எனப்படும். 1986 முதல் 2004 வரையான டச்சு முதல்நிலைத் தொடரின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வேல், பயிற்றுநரை நீக்கிய அணிகளையும் அதேபோன்ற சரிவைச் சந்தித்தும் நீக்காத அணிகளையும் ஒப்பிட்டு, மாற்றத்தால் ஆட்டம் மேம்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்ற முடிவை 2011இல் வெளியிட்டார். கோவாவின் நிகழ்வில் சரிவே இல்லை. ஆகவே மீட்சி என்ற கேள்வியும் எழவில்லை. இழக்கக்கூடியது மட்டுமே இருந்தது. கழகம் எடுத்த இடரின் அளவு அதுதான்.

பிற நாடுகளில்

நடப்பு வாகையாளரை நீக்கிய கழகங்கள் பல உள்ளன. 2015-16இல் இங்கிலாந்தின் பட்டத்தை வென்று உலகையே வியக்கவைத்த லெசுட்டர் சிட்டி, ஒன்பது மாதங்களில், 2017 பிப்ரவரி 23 அன்று, கிளாடியோ ரனியேரியை நீக்கியது. ஆனால் அப்போது அணி கீழ்நிலைத் தொடருக்கு இறங்கும் ஆபத்தில் இருந்தது. முதலிடத்தில் இருக்கும்போதே நீக்கியதற்கு இரு பழைய எடுத்துக்காட்டுகள் நெருக்கமாகப் பொருந்துகின்றன.

ரியல் மாட்ரிட் 1992 ஜனவரியில் ஸ்பெயின் லீக்கின் முதலிடத்தில் இருந்தபோது ராடோமிர் அந்திச்சை நீக்கி, லியோ பேன்ஹாக்கரை அமர்த்தியது. பருவத்தின் கடைசி நாளில் டெனரிஃபேயிடம் 2-3 எனத் தோற்று, பட்டத்தைப் பார்சிலோனாவிடம் இழந்தது.

லிசுபனின் ஸ்போர்ட்டிங் கழகம் 1993 டிசம்பரில் போர்த்துக்கல் லீக்கில் முன்னணியில் இருந்தும், ஐரோப்பியப் போட்டியொன்றில் ஆஸ்திரியாவின் சால்சுபர்க்கு அணியிடம் தோற்றதைக் காரணம் காட்டி ஆங்கிலேயர் பாபி ராப்சனை வெளியேற்றியது. அவர் போட்டிக் கழகமான போர்ட்டோவுக்குச் சென்றார். மொழிபெயர்ப்பாளராக இருந்த இளைஞர் ஒசே மொரீனியோவும் உடன் சென்றார். 1994 போர்த்துக்கல் கோப்பையின் இறுதியில் ராப்சனின் போர்ட்டோ வென்றது ஸ்போர்ட்டிங்கையே. கோவாவின் கதை இதனுடன் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

பின்விளைவுகள்

லொபேரா 2020 அக்டோபரில் மும்பை சிட்டியின் பயிற்றுநரானார். மான்செஸ்டர் சிட்டியை உடைமையாகக் கொண்ட சிட்டி காற்பந்துக் குழுமம் அதற்கு முந்தைய ஆண்டுதான் மும்பைக் கழகத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியிருந்தது. கோவாவின் தற்காப்பாளர் மோர்த்ததா ஃபால், நடுக்களத்தின் அச்சாக விளங்கிய அகமது ஜாஹூ, பூமோஸ், மந்தார் ராவ் தேசாய் ஆகிய நால்வரும் அவ்வாண்டு மும்பையில் சேர்ந்தனர். இவர்களுள் ஃபாலும் ஜாஹூவும் மொரோக்கோவிலேயே லொபேராவிடம் ஆடியவர்கள். பயிற்றுநர் போனாலும் அணி எஞ்சும் என்ற கணக்கு பொய்த்தது இங்கேதான். கேடயம் வென்ற அணியின் முதுகெலும்பு ஒரே கோடையில் இடம்பெயர்ந்தது. கொரோமினாசும் கோவாவை விட்டுச் சென்றார். மூன்று பருவங்களில் அவர் அடித்திருந்த லீக் கோல்கள் 48.

கொரோனா காரணமாக 2020-21 பருவம் முழுவதும் கோவா மாநிலத்திலேயே, பார்வையாளர் இன்றி நடத்தப்பட்டது. லொபேராவின் மும்பை லீக் கேடயத்தை வென்றது. அரையிறுதியில் அது சந்தித்தது எஃப்சி கோவாவை. இரு போட்டிகளும் 2-2, 0-0 எனச் சமநிலையில் முடிய, சமன்நீக்கி உதைகளில் மும்பை 6-5 என வென்றது. 2021 மார்ச் 13 அன்று பதோர்தா அரங்கில் ஏடிகே மோகன் பகானை 2-1 என வென்று கோப்பையையும் பெற்றது. கேடயம், கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் கழகம் மும்பை. மூன்று ஆண்டுகள் கோவாவில் முயன்றும் கைகூடாத கோப்பையை, லொபேரா கோவாவின் சொந்த அரங்கிலேயே வேறொரு கழகத்துக்காக உயர்த்தினார்.

எஃப்சி கோவா, ஸ்பெயினைச் சேர்ந்த குவான் ஃபெராண்டோவைப் புதிய பயிற்றுநராக அமர்த்தியது. 2021 ஏப்ரலில் பதோர்தாவிலேயே நடந்த ஆசிய சாம்பியன்சு லீக் குழுநிலையில் அல் ரய்யான், அல் வஹ்தா, பெர்செபோலிஸ் ஆகிய கழகங்களைச் சந்தித்தது. கத்தாரின் அல் ரய்யானுக்கு அப்போது பயிற்றுநராக இருந்தவர் 1998 உலகக்கோப்பை வென்ற பிரெஞ்சு அணியின் லோரான் பிளாங்க். அவ்வணியுடன் 0-0, 1-1 என இருமுறையும், அல் வஹ்தாவுடன் ஒருமுறையும் சமநிலை கண்ட கோவா, 3 புள்ளிகளுடன் குழுவில் மூன்றாம் இடம் பெற்றது. பெர்செபோலிசுக்கு எதிராக எடு பேடியா அடித்தது, இப்போட்டியின் குழுநிலையில் ஓர் இந்தியக் கழகத்தின் முதல் கோல் ஆகும். லொபேராவின் 30 புள்ளிகளும் மிராண்டாவின் 9 புள்ளிகளும் சேர்ந்தே கோவாவை இக்களத்துக்குக் கொண்டுவந்தன; அவ்விருவருமின்றி வேறொருவர் அணியை நடத்தினார்.

2021 டிசம்பரில் நிலைமை எதிர்த்திசையில் திரும்பியது. இம்முறை பருவத்தின் நடுவில் கழகத்தை விட்டுச் சென்றவர் பயிற்றுநர். ஃபெராண்டோவின் ஒப்பந்தத்திலிருந்த விடுவிப்புத் தொகையைச் செலுத்தி ஏடிகே மோகன் பகான் அவரை அழைத்துக்கொள்ள, டெரிக் பெரேரா பொறுப்பேற்றார். பயிற்றுநர் ஒப்பந்தத்தை முறிக்கும் வாய்ப்பு இருதரப்புக்கும் உண்டு என்பதை இந்திய இரசிகர்கள் பலர் அப்போதுதான் உணர்ந்தனர்.

இந்தியப் பயிற்றுநர்களுக்கான வாய்ப்பு மெல்லவே விரிந்தது. 2021 அக்டோபரில் நார்த்ஈஸ்ட் யுனைடெட், இடைக்காலப் பொறுப்பில் திறம்படச் செயல்பட்ட காலித் ஜமீலை நிலையான தலைமைப் பயிற்றுநராக்கியது. இத்தொடரில் அவ்வாறு நியமிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். மிராண்டா மீண்டும் இடைக்காலப் பொறுப்பேற்றது ஒடிசா எஃப்சியில். அவர் தலைமையில் அவ்வணி 2023 ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் பெங்களூருவை 2-1 என வென்று சூப்பர் கோப்பையைக் கைப்பற்றியது. அதன் பின் ஒடிசா நிலையான பயிற்றுநராக நியமித்தது லொபேராவை. 2020இல் லொபேராவின் இடத்துக்கு மிராண்டா வந்தார். 2023இல் மிராண்டாவின் இடத்துக்கு லொபேரா வந்தார்.

2025ஆம் ஆண்டு, தன் இரண்டாம் பணிக்காலத்தை முடித்துக்கொண்ட ஓவன் கோய்லுக்குப் பதிலாகச் சென்னையின் எஃப்சி ஓர் இந்தியரைத் தலைமைப் பயிற்றுநராக நியமித்தது. அவர் கிளிஃபோர்டு மிராண்டா.